படகுக்கு அடியில் ஒரு பேட்டரி: பழைய கேபின் படகில் உலோகம் ஏன் கரைகிறது?

பழைய கேபின் படகு ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது மெத்தையை. அப்புறம் ஸ்டியரிங், அப்புறம் பெயின்ட். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையின் நிறத்தைப் பார்ப்பார். “ஃபைபர் பாடி சார், துருவா பிடிக்கப்போகுது?” என்பார் விற்பவர். அவர் சொல்வது பொய்யில்லை. கண்ணாடி இழைக்கும் ரெசினுக்கும் துரு கிடையாது. 1970, 80களில் வார்த்த படகுகள் பலவற்றில் ஓடு இன்றைக்கும் கெட்டியாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் உலோகம்: புரொப்பல்லர், அதைச் சுழற்றும் ஷாஃப்ட், சுக்கான், இன்ஜினைக் குளிரவைக்கக் கடல்நீரை உறிஞ்சும் வால்வு. கவலைப்பட வேண்டியது இவற்றைப் பற்றித்தான்.

இவை கெட்டுப்போவதைப் பார்த்ததும் “வயசாயிடுச்சு, தேஞ்சுபோச்சு” என்று முடித்துவிடுகிறோம். வயதுக்கும் இதற்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை. நாற்பது வருடத்துப் புரொப்பல்லர் புதுசு போல இருப்பதுண்டு. போன வருடம் மாட்டியது ஓட்டையாகிப் போவதும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், எந்த உலோகம் எந்த உலோகத்தோடு தொடர்பில் இருக்கிறது என்பதுதான். படகு வாங்கப் போகிறவர் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும் என்பது என் கட்சி.

இரண்டு வெவ்வேறு உலோகங்களை உப்புத்தண்ணீரில் வைத்து, அவற்றைக் கம்பியாலோ போல்ட்டாலோ இணைத்தால் மின்சாரம் ஓடும். 1800இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா துத்தநாக வில்லையையும் வெள்ளி வில்லையையும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவே உப்புநீரில் நனைத்த துணியை வைத்துச் செய்த பேட்டரி இதே சங்கதிதான். அங்கே ஒரு உலோகம் எலக்ட்ரான்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்; கொடுக்கக் கொடுக்க அதன் அணுக்கள் தண்ணீரில் கரைந்து போகும். இன்னொன்று வாங்கிக்கொள்ளும், வாங்குகிற உலோகத்துக்குச் சேதமில்லை. படகில் இரும்பு இன்ஜினோடு எவர்சில்வர் ஷாஃப்ட், அதன் முனையில் வெண்கலப் புரொப்பல்லர், சுற்றிலும் கடல். நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் அந்த பேட்டரி வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

யார் கொடுப்பார், யார் வாங்குவார் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. கடல்நீரில் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு மின்னழுத்தம். அளப்பதற்கு வெள்ளி-வெள்ளிக் குளோரைடு மின்வாய் ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் துத்தநாகம் சுமாராக மைனஸ் 1 வோல்ட்டில் நிற்கும். சாதாரண இரும்பு மைனஸ் 0.6 பக்கம். வெண்கலம் மைனஸ் 0.3க்கு அருகில். நல்ல நிலையில் உள்ள 316 ரக எவர்சில்வர் கிட்டத்தட்டப் பூஜ்யம். கிராஃபைட் பூஜ்யத்தையும் தாண்டிப் பிளஸ்ஸில் இருக்கும். இரண்டு உலோகங்கள் சேரும்போது மைனஸ் அதிகம் உள்ளது கரையும். இடைவெளி எவ்வளவு பெரிதோ, கரைய வைக்கும் உந்துதலும் அவ்வளவு.

கிராஃபைட் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஷாஃப்ட் படகுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் வராமல் இறுக்கும் கிளாண்ட் பேக்கிங்கில் கிராஃபைட் கலந்தது விற்கிறது. வழவழவென்று இருக்கும், மெக்கானிக்குக்கும் பிடிக்கும். எவர்சில்வர் ஷாஃப்ட்டில் அதைச் சுற்றாதீர்கள். வரிசையின் ஒரு கோடியில் இருப்பதைக் கொண்டுவந்து ஷாஃப்ட்டோடு ஒட்டவைக்கிற வேலை அது.

ஒரு போர்க்கப்பலின் ஆணிகள்

இந்தப் பாடத்தைக் காசு கொடுத்து முதலில் கற்றுக்கொண்டது பிரிட்டிஷ் கடற்படை. மரக்கப்பலின் அடியைப் புழு துளைக்காமலும் சிப்பி ஒட்டாமலும் இருக்க 1761இல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத்தகடு அடித்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் இரண்டு வருடத்தில் திரும்பியது. தகடு பிரமாதமாக இருந்தது. தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகளில் பல கரைந்து போயிருந்தன. சில இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன. ஏன் என்று பார்த்தால், செப்புத்தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை அங்கே யாரோ உரிக்காமல் விட்டிருக்கிறார்கள். காகிதம் நடுவில் நின்று இரும்பையும் செம்பையும் தொடவிடாமல் பிரித்திருக்கிறது. பேட்டரி என்ற ஒன்று உருவாவதற்கு முப்பத்தேழு வருடம் முன்பே அதை நிறுத்தும் வழி கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம் 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய வேதியியலாளர் வந்தார். கடற்படையின் செப்புத்தகடே கடலில் அரித்துப் போகிறது, என்ன செய்யலாம் என்று அவரிடம் கேட்டார்கள். தகட்டோடு சின்னச் சின்னத் துத்தநாக, இரும்புக் கட்டிகளைப் பொருத்தினால் அவை கரையும், செம்பு கரையாது என்று அவர் காட்டினார். சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால்தான் அதன்மேல் சிப்பி ஒட்டாமல் இருந்தது. கரைவது நின்றதும் கப்பலடி முழுக்கச் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டு வேகம் குறைந்துபோக, கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. அறிவியல் சரியாக இருந்தும் வேலைக்கு ஆகவில்லை, பாவம். ஆனால் அவருடைய துத்தநாகக் கட்டி போகவில்லை. இன்று படகுக்குப் படகு இருக்கிறது. நம் பக்கம் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த அரிப்பைத்தான் பல வருடங்களாக ஆராய்கிறது. கடல்நீரில் உலோகங்களைச் சோதிக்க, ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் அதற்குத் தனி நிலையமே உண்டு.

அலார்ம் கதையில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. ஆணி சின்னது, தகடு பெரியது. கரைகிற உலோகம் சின்னதாகவும் வாங்குகிற உலோகம் பெரியதாகவும் இருந்தால் மொத்தச் சேதமும் அந்தச் சின்னதன் தலையில் விழும். வெண்கலத் தகட்டில் இரும்புத் திருகாணி போட்டால் திருகாணி காலி. இரும்புத் தகட்டில் வெண்கலத் திருகாணி போட்டால் தகடு லேசாக அரிக்கும், அவ்வளவுதான். பழைய படகில் முந்தைய முதலாளி அவசரத்துக்கு மாட்டிய திருகாணி, வாஷர், கிளிப் ஆகியவற்றை நான் முதலில் தேடச் சொல்வது இதனால்தான்.

கணீர், டொக்

காசிமேட்டில் சிலிப்வேயில், அதாவது படகைக் கரையேற்றும் சரிவில், ஏற்றியிருந்த ஒரு கேபின் படகை வாங்க வந்தவர், புரொப்பல்லர் தேய்த்துப் பளபளவென்று இருப்பதைக் கண்டு திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் விசைப்படகுக்கு வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரி ஸ்பேனரோடு வந்தார். இதழின் அடிப்பக்கத்தில் ஒரு தட்டு. “கேளுங்க சார்.” கணீர் என்றது. ஓரத்தில் ஒரு தட்டு. டொக். “இன்னா சார், புரியுதா? பாதி ஓடிப்போச்சு.” பிறகு ஓரத்தை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளே மஞ்சள் இல்லை. ரோஜா நிறம்.

பாத்திரக்கடையில் பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிய பாட்டிமார்களுக்கு இந்தச் சோதனையை விளக்கவே வேண்டாம். படகுப் புரொப்பல்லர்களில் நிறைய, ‘மாங்கனீஸ் வெண்கலம்’ என்று பெயர் போட்டு வருபவை. உண்மையில் அது பித்தளை வகை. ஏறத்தாழ 58 சதவீதம் செம்பு, 40 சதவீதம் துத்தநாகம். ஒரே கட்டிக்குள்ளேயே வரிசையின் இரண்டு ஆட்கள். பாதுகாப்பு இல்லாவிட்டால் துத்தநாகம் மட்டும் கழன்று போய், பஞ்சு மாதிரிச் செம்பு மிஞ்சும். உருவம் அப்படியே இருக்கும், அளவு குறையாது, தேய்த்தால் பளபளக்கவும் செய்யும். பலம்தான் இருக்காது. மிதக்கிற கட்டை ஒன்றில் இடித்தால் பிஸ்கெட் உடைவதுபோல் இதழ் போய்விடும்.

புரொப்பல்லர் உடைந்தால் படகு நிற்கும். வால்வு உடைந்தால் படகு மூழ்கும். பாரிமுனைக் கடைகளில் மாடித் தண்ணீர்த்தொட்டிக்கு வாங்குகிற பித்தளை பால் வால்வைக் கடல்நீர்க் குழாய்க்கு மாட்டி வைத்திருக்கும் படகுகள் உண்டு. விலை குறைவு, கைப்பிடி அழகாகத் திரும்பும். ஆனால் அதுவும் துத்தநாகம் நிறைந்த பித்தளை. நீர்மட்டத்துக்கு இரண்டு அடி கீழே ஒரு அங்குல ஓட்டை திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் உள்ளே வரும். கத்தி முனையால் வால்வின் உடம்பைக் கீறிப் பாருங்கள்: மஞ்சள் தெரிந்தால் சரி, சிவந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். மாற்றுவது கடலுக்கென்று வார்த்த வெண்கலமாகவோ, இழை கலந்த நைலான் வகையாகவோ இருக்கட்டும். பேரம் பேசுவதற்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

எவர்சில்வருக்கு வேறு வியாதி. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. அதுதான் அதைக் காப்பாற்றுகிறது. அந்தப் படலம் பிழைத்திருக்க ஆக்சிஜன் வேண்டும். கிளாண்டுக்குள், போல்ட் தலைக்கு அடியில், தேங்கின தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. அங்கே படலம் அழிந்து, வெளியே பளிச்சென்று இருக்கும் ஷாஃப்ட் உள்ளே குழிகுழியாகப் போயிருக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் கட்டிப்போட்ட படகில்தான் இது அதிகம். 304 ரகத்தைவிட மாலிப்டினம் கலந்த 316 தாங்கும் என்றாலும், நோய் இதற்கும் வரும்.

பலியாக ஒரு கட்டி

தீர்வு டேவி சொன்னதுதான். எல்லோரையும்விட மைனஸில் இருக்கும் ஒரு உலோகக் கட்டியை வேண்டுமென்றே மாட்டி, அது கரையட்டும் என்று விட்டுவிடுவது. ஆனோடு என்று கேட்டால் கிடைக்கும். ‘ஜிங்க்’ என்றாலும் புரியும். உங்கள் வீட்டு கீசரிலும் இது இருக்கிறது: தொட்டிக்குள் ஒரு மக்னீசியக் குச்சி. போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் சர்வீஸ்காரர் திறந்து பார்த்து “ராடு போயிருச்சு” என்பாரே, அது இதுதான்.

நம்மூரில் எந்த உலோகக் கட்டி என்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்கள் கடலுக்குத் துத்தநாகம், நல்ல தண்ணீருக்கு மக்னீசியம் என்று இரண்டே வரியில் முடித்துவிடும். துறைமுகத்துக்குள் கிடக்கும் படகுக்குத் துத்தநாகம் பொருந்தும். முட்டுக்காடு, எண்ணூர் பக்கம் கழிமுகத்தில் கட்டினால் கதை வேறு. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் இறங்கி உப்பு குறையும். கோடையில் முகத்துவாரத்தில் மணல் மூடினால் உப்பு ஏறும். உப்புக் குறைந்த தண்ணீரில் துத்தநாகம் தன்மேல் தானே ஒரு வெள்ளைப் பொருக்கைப் போர்த்திக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். பிறகு உப்பு திரும்பினாலும் அது பழையபடி விழித்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. இப்படிப்பட்ட இடங்களுக்குச் சிறிது துத்தநாகமும் இண்டியமும் கலந்த அலுமினியக் கட்டிதான் என் தேர்வு. இரண்டு தண்ணீரிலும் வேலை செய்யும், எடையும் குறைவு. மக்னீசியம் உப்புநீரில் வேண்டவே வேண்டாம். சீக்கிரம் தீர்ந்துவிடும், அலுமினியப் பாகங்களில் பெயின்ட்டையும் உரித்துவிடும்.

மாட்டும்போது மூன்று விஷயங்கள். கட்டி தொடும் இடத்தை உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். பாசித்தடுப்புப் பெயின்ட் அடிக்கிற பையன் உற்சாகத்தில் கட்டிக்கும் சேர்த்து ஒரு கோட் அடித்துவிடுவான், பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும். காக்க வேண்டிய பாகத்தோடு நிஜமாகவே மின்தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். மூன்றாவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கியர்பாக்ஸுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே ரப்பர் கப்ளிங் இருந்தால், இன்ஜினோடு இணைத்த கட்டியால் புரொப்பல்லருக்குப் பிரயோஜனமில்லை. ஷாஃப்ட்டிலேயே வளையக் கட்டி ஒன்றைக் கவ்வவைக்க வேண்டும்.

பாதி கரைந்ததும் மாற்றுங்கள். ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது கட்டி வாங்கியபடியே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது வேலையே செய்யவில்லை. அதற்குப் பதில் வேறு ஏதோ கரைந்திருக்கிறது. இன்ஜின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்திவிடும் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலும் பென்சில் அளவுக்கு ஒரு கட்டி திருகியிருக்கும். பல பழைய படகுகளில் அந்த மூடியை வருடக்கணக்காக யாரும் திறந்திருக்க மாட்டார்கள், பித்தளை மூடி மட்டும் உட்கார்ந்திருக்கும்.

மரப்படகாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பாதுகாக்கிறேன் என்று கட்டிகளை அளவுக்கு மீறி மாட்டினால், காக்கப்படும் உலோகத்தைச் சுற்றிக் காரம் உண்டாகி மரத்தைப் பஞ்சாக்கிவிடும். மரத்தில் குறைவாகப் போடுவது நல்லது.

பட்டினப்பாக்கத்திலும் நொச்சிக்குப்பத்திலும் உள்ள ஃபைபர் படகுக்காரர்களிடம் இதையெல்லாம் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. கரைக்கு வந்ததும் படகு மணலில் ஏறிவிடுகிறது, இன்ஜின் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுகிறது. உப்புநீர் இல்லாவிட்டால் பேட்டரி இல்லை. கேபின் படகோ இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீரில் ஊறுகிறது. வங்கக்கடலோ வருடம் முழுக்க வெதுவெதுப்பு. குளிர்நாட்டுப் படகுக்காரர் சொல்கிற கால அளவை அப்படியே இங்கே நம்ப வேண்டாம். சாக்கடை கலக்கும் தேங்கின தண்ணீராக இருந்தால் அதிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெண்கலத்தையும் தனியாக ஒரு பக்கம் கறுக்கடிக்கும்.

ஒயர் கசிந்தால்

இதுவரை சொன்னது உலோகங்கள் தாங்களாகச் செய்கிற வேலை. அது மெதுவானது. 0.1 ஆம்பியர் மின்சாரம் விடாமல் ஓடினால் ஒரு வருடத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் துத்தநாகம் கரையும். ஆனால் படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கசிவு ஏற்பட்டால் வேகமே மாறிவிடும். 1 ஆம்பியர் கசிந்தால் இரும்பு வருடத்துக்கு 9 கிலோ கணக்கில் போகும். வெண்கலத்துக்கும் ஏறக்குறைய அதே கதி. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வால்வைத் தின்றுவிட அது போதும்.

பெரும்பாலும் குற்றவாளி, படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்பின் ஒயர். தண்ணீரிலேயே கிடக்கும் இடத்தில் யாரோ முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருப்பார்கள். அந்த முடிச்சுக்குள் உப்புநீர் புகுந்ததும் கசிவு ஆரம்பம். சோதிப்பது எளிது: எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் பிளஸ் ஒயரைக் கழற்றி, நடுவே மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகில் இல்லாவிட்டால் ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கி ஆளைக் கண்டுபிடிக்கலாம். பம்பைத் தானே இயக்கும் மிதவை ஸ்விட்ச், பேட்டரியோடு நேராக இணைந்திருக்கும். அதைத் தனியாகப் பார்க்க மறக்க வேண்டாம். ஒயர் இணைப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டு மூடினால் பிரச்சினை தீர்ந்தது.

கரண்ட் கனெக்ஷன் உள்ள துறையில் கட்டினால் எர்த் ஒயர் வழியாகப் பக்கத்துப் படகுகளோடும் நீங்கள் இணைந்துவிடுகிறீர்கள். உங்கள் கட்டி அவர்கள் புரொப்பல்லருக்கும் சேர்த்துக் கரையும். எர்த்தைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்து. அதற்கென்று டயோடு வைத்த தடுப்புப் பெட்டி இருக்கிறது, அதை மாட்டுங்கள்.

பாதுகாப்பு போதுமா என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். மேலே சொன்ன வெள்ளி-வெள்ளிக் குளோரைடு மின்வாயைத் தண்ணீரில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் மற்ற முனையை ஷாஃப்ட்டில் வையுங்கள். கட்டி இல்லாமல் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, கட்டி மாட்டிய பிறகு மறுபடி அளந்தால் குறைந்தது 0.2 வோல்ட் கூடுதல் மைனஸ் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கட்டி போதவில்லை, அல்லது தொடர்பு சரியில்லை.

இதையெல்லாம் செய்யப் படகைத் தண்ணீரைவிட்டு ஏற்ற வேண்டும், அதில்தான் சென்னைக்காரருக்குச் சிக்கல். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் அத்தனையும் பழுதுபார்க்க ஏறுவது அந்தச் சமயத்தில்தான். தச்சர், வெல்டர், ஃபைபர் வேலைக்காரர் எவரும் உங்கள் பக்கம் திரும்ப மாட்டார்கள். பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவர் வேலையை முதலில் முடிப்பதுதான் முறையும்கூட. மார்ச்சிலேயே பேசி ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜூலைக்குத் தள்ளுங்கள். ஏற்றிய அன்றே, பெயின்ட் வேலை தொடங்கும் முன்பு, புரொப்பல்லரைத் தட்டுவதும் வால்வுகளைக் கீறுவதும் முடிந்துவிட வேண்டும். கழற்றிய பழைய கட்டியைக் கழுவி எடை போட்டு, புதிதாக வாங்கியபோது இருந்த எடையையும் மாட்டிய தேதியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்து எப்போது ஏற்ற வேண்டும் என்பது அந்தக் கணக்கிலிருந்தே தெரிந்துவிடும். மிச்சக் கட்டியைக் காயலான் கடையில் போடலாம். துத்தநாகத்துக்கு அங்கே விலை உண்டு.